பச்சைச் சீட்டும் கூலி நோட்டும்

பட்டுத் தறி ஓடும் ஊரில் கூலி எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்தால்தான், நெசவாளர்களுக்காக நான் வக்கீலாக நடத்திய இந்த வழக்கு புரியும். ஆரணியைச் சுற்றியுள்ள மற்ற நெசவு ஊர்களைப் போலவே தேவிகாபுரத்திலும் பல நெசவாளர்கள் வீட்டுத் தறியில் முதலாளிக்காக நெய்கிறவர்கள். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து எடை போட்டு வரும். நெய்த புடவை எடை போட்டுத் திரும்பப் போகும். கொடுத்த பட்டு, வந்த புடவை, கழிவு, கூலி, முன்பணத்தில் பிடித்தது, கையில் கொடுத்தது என்று எல்லாம் ஒரு சின்ன நோட்டில் ஏறும். எழுதுகிறவர் முதலாளியின் கணக்குப்பிள்ளை. நோட்டு இருப்பது நெசவாளர் வீட்டில். இந்த ஏற்பாடுதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. கூலி முழுவதும் ரொக்கமாகவே நடந்துகொண்டிருந்த நெசவுத் தெருக்களுக்கு அந்த அடி நேராக விழுந்தது. சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று வரம்பு வந்தது. வரிசையில் நின்று வாங்கிய புது 2000 ரூபாய் நோட்டுக்கு மளிகைக் கடையில் சில்லறை கிடையாது. பத்துப் பதினைந்து தறிக்கு மேல் வேலை கொடுத்துவந்த முதலாளிகள் பலருக்கும் சனிக்கிழமை கூலியை ரொக்கமாகக் கொடுக்க முடியாத நிலை.

என் வழக்கின் பிரதிவாதி அப்படி ஒரு முதலாளி. அவர் ஆரணியில் ஓர் அச்சகத்தில் பச்சை அட்டையில் சீட்டு அடித்தார். 100 ரூபாய்ச் சீட்டு, 500 ரூபாய்ச் சீட்டு என்று இரண்டு வகை. ஒவ்வொன்றிலும் வரிசை எண், கடை முத்திரை, அவர் கையெழுத்து. 'இச்சீட்டைக் கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் மேற்கண்ட தொகை தரப்படும்' என்று ஒரு வரி. அவர் கெட்ட எண்ணத்தோடு தொடங்கினார் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். தறி நிற்கக்கூடாது, அடுப்பு அணையக்கூடாது என்பதுதான் தொடக்கத்தில் அவர் நினைப்பு.

முதல் சில வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கூலிக்கு மட்டும் சீட்டு கொடுத்தார். வங்கியில் எடுக்க முடிந்த அளவுக்குச் சனிக்கிழமை தோறும் சீட்டை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார். அவர் பெயருக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அதனால் மளிகைக்காரர் சீட்டை வாங்கினார், பால்காரர் வாங்கினார், மருந்துக் கடையில் வாங்கினார்கள். சீட்டு கை மாறிக் கை மாறி ஓடியது. பெரியநாயகி அம்மன் கோயில் தெருவில் ஒரு சமயம் ரிசர்வ் வங்கி நோட்டைவிட இந்தப் பச்சைச் சீட்டுதான் அதிகம் புழங்கியது என்று சாட்சிகள் கோர்ட்டில் சொன்னார்கள்.

எல்லாரும் சீட்டை வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்த பிறகு முதலாளியின் கை நீண்டது. சாயம் போடுகிறவருக்குச் சீட்டு, வண்டி வாடகைக்குச் சீட்டு, கைமாற்றுக் கடனுக்கும் சீட்டு. எத்தனை சீட்டு வெளியே போயிருக்கிறது, அதற்கு எதிரே பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்ததாக எந்தக் கணக்கும் இல்லை. 2017 தொடக்கத்தில் ரொக்கம் மெல்லத் திரும்பியது. சீட்டை மாற்ற வந்தவர்களிடம் நூற்றுக்குப் பத்து கழித்துக்கொண்டு கொடுத்தார். பிறகு இருபது கழித்தார். பிறகு 'அடுத்த மாதம் வாங்க' என்றார். ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து பட்டு வியாபாரம் முழுவதும் புதுக் கணக்குக்கு மாறிய நேரத்தில் அவர் கதவு அடைபட்டது.

என்னிடம் முதலில் வந்தவர் ஒரு நெசவாளர் அம்மா. கணவர் பாவு ஓட்டுவார், இவர் தறியில் உட்காருவார். ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"துட்டு இல்லைன்னுதான சார் சீட்டு வாங்கினோம்? இப்ப சீட்டே செல்லாதுன்றாரு. சீட்டு செல்லாதுன்னா நான் நெய்து குடுத்த பொடவையும் செல்லாதா?"

சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மா வழக்கின் மையத்தைச் சொல்லிவிட்டார். அவர் கேட்டது சீட்டின் விலையை அல்ல, உழைப்பின் விலையை. நான் எழுதிய வழக்குரை அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது.

சீட்டின் பேரில் வழக்குப் போட்டிருந்தால் முதல் நாளே தோற்றிருப்போம். மூன்று தடைகள் இருந்தன. முதலாவது முத்திரைச் சட்டம். கேட்டவுடன் பணம் தருவேன் என்று கையெழுத்திட்ட தாள் புரோநோட்டு ஆகும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டைக் கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிட முடியாது. மற்றப் பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்யும் வழி உண்டு. புரோநோட்டுக்கு அந்த வழியும் இல்லை.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக எழுதும் சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக்கூடாது என்கிறது. முதலாளி அச்சடித்த வாசகம் அந்தப் பிரிவு தடுக்கிற வாசகமேதான்.

மூன்றாவது, சீட்டில் யார் பெயரும் இல்லை. அது என்ன வேலைக்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று சீட்டை வைத்துச் சொல்ல முடியாது.

பிரதிவாதியின் எதிருரையில் இந்த மூன்றும் வரிசையாக வந்தன. கூடவே நான்காவதாக ஒரு வரி: 'வாதிகளுக்குச் சேரவேண்டிய கூலி முழுவதும் அவ்வப்போது தீர்க்கப்பட்டுவிட்டது.' அந்த வரியைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1938இல் பெருமாள் செட்டியார் எதிர் காமாட்சி அம்மாள் வழக்கில் வகுத்த வழி. கொடுக்கல் வாங்கலின் எல்லா நிபந்தனைகளும் அந்தப் புரோநோட்டிலேயே அடங்கியிருந்தால், அது சான்றாக ஏறாதபோது கடனும் விழுந்துவிடும். ஆனால் கடன் வேறாக முன்பே இருந்து, அதற்கு நிபந்தனையோடு கூடிய செலுத்துகையாகவோ துணை ஈடாகவோ தாள் கொடுக்கப்பட்டிருந்தால், தாளை ஒதுக்கிவைத்து மூலக்கடனுக்கே வழக்குப் போடலாம். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை எடுத்துக்கொண்டு வருகிறவருக்காகத் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் வக்கீல்கள் காட்டும் முதல் தீர்ப்பு இதுதான்.

எங்கள் வழக்கில் கூலி என்ற கடன் சீட்டு பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. புடவை தறியிலிருந்து இறங்கி, முதலாளி வீட்டுத் தராசில் ஏறிய அன்றே அது பிறந்தது. சீட்டு அதற்கு அப்புறம் வந்தது. அதனால் வழக்குரையில் சீட்டுக்குப் பணம் கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்டோம். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் காலவரம்பு. அதற்குள்ளாகவே நெசவாளர் ஒவ்வொருவர் சார்பிலும் தனித்தனி வழக்காக முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்து, ஒன்றாக விசாரிக்கக் கேட்டுக்கொண்டோம். வீட்டில் தறி போட்டிருக்கிறவர் தொழிலாளியா ஒப்பந்தக்காரரா என்ற சர்ச்சையில் சிக்காமல் இருக்கவே தொழிலாளர் சட்டங்களின் வழியை விட்டுவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனோம்.

சீட்டுக் கட்டு என் அலமாரியிலேயே இருந்தது. கோர்ட்டுக்குப் போனது கூலி நோட்டு. எண்ணெயும் சாயமும் படிந்து, ஓரம் மடங்கி, சிலவற்றில் பக்கம் கிழிந்துகூட இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. தேதி, பாவு, பட்டு எடை, புடவை எடை, கூலி. கொடுத்தது என்ற இடத்தில், நவம்பர் முன்பாதி வரை 'ரொக்கம்' என்று இருந்தது. அதன் பிறகு 'சீட்டு' என்று எழுதி, பக்கத்தில் வரிசை எண்களும் இருந்தன. கணக்குப்பிள்ளை தன் பழக்கத்தில் எண்ணைக் குறித்துவைத்திருக்கிறார். அந்த நல்ல பழக்கம் எத்தனை குடும்பத்துக்கு உதவியது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

குறுக்கு விசாரணையில் முதலாளியிடம் நான் கேட்டவை சில கேள்விகள்தான்.

"இந்த வாதிக்கு நீங்கள் கூலி பாக்கி வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை. முழுதும் தீர்த்தாச்சு."

"எதில் தீர்த்தீர்கள்?"

"சீட்டு கொடுத்திருக்கேன். நோட்டிலேயே எழுதியிருக்கு."

"நோட்டில் இருப்பது உங்கள் கணக்குப்பிள்ளை எழுத்துதானே?"

"ஆமா."

"அந்தச் சீட்டுக்குப் பிறகு ரூபாய் கொடுத்தீர்களா?"

"அது சட்டப்படி செல்லாத சீட்டுன்னு எதிருரையிலேயே சொல்லியிருக்கோம்."

"அப்படியானால் செல்லாத சீட்டைக் கொடுத்துக் கூலியைத் தீர்த்தீர்கள் என்று பதிவு செய்துகொள்ளலாமா?"

அவருடைய வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொன்னார். நீதிபதி கேள்வியை அனுமதித்தார். எதிருரையின் அந்த நான்காவது வரி எனக்கு நம்பிக்கை கொடுத்தது இதற்காகத்தான். சீட்டு செல்லும் என்றால் அவர் பணம் தரவேண்டும். செல்லாது என்றால் கூலி இன்னும் தீரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவர் நின்றார். இரண்டில் எதில் ஊன்றினாலும் கடன் கடனாகவே இருந்தது.

வாதத்தின்போது நீதிபதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சட்டம் தடுத்த சீட்டு. அதை வாங்கிப் புழங்கியவர்களும் உங்கள் கட்சிக்காரர்கள்தான். சட்டம் தடுத்ததில் பங்கெடுத்தவருக்குக் கோர்ட் எப்படி உதவும்?"

நியாயமான கேள்வி. 31ஆவது பிரிவு யாரைத் தடுக்கிறது, யாரைக் காக்கிறது என்று சொன்னால்தான் பதில் முழுமையாகும். அந்தப் பதிலைத் தேடியபோதுதான் ஆயிரம் வருடத்துக்கு முந்திய சீனத்தின் சிச்சுவான் மாகாணத்து வரலாற்றைப் படித்தேன். எழுத்து வாதத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

சோங் அரசர்கள் காலத்தில் சிச்சுவானில் செப்புக்காசுக்குத் தடை, இரும்புக்காசு மட்டும்தான். அங்கே ஒரு பட்டுத் துணி வாங்க இருபதாயிரம் இரும்புக்காசு வரை ஆனதுண்டு. அந்தக் காசின் எடை 130 ஜின், நம் கணக்கில் எண்பது கிலோவுக்கு மேல். சிச்சுவான் பட்டுக்கும் தேயிலைக்கும் பேர்போன நாடு. அங்கே வியாபாரி துணியைத் தூக்குவதைவிடக் காசைத் தூக்குவதுதான் கஷ்டம். 993இல் எழுந்த கலகத்தில் காசடிக்கும் வேலையும் தடைபட்டது. காசு கிடைக்காத அந்த நேரத்தில் செங்டு நகரத்து வியாபாரிகள் இரும்புக்காசை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 'ஜியாவ்சி' என்று அதற்குப் பெயர். உலகத்தின் முதல் காகிதப் பணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். அதற்கு முன்பு, ஒன்பதாம் நூற்றாண்டில், தேயிலை வியாபாரிகள் தலைநகரில் பணத்தைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளும் 'பறக்கும் பணம்' இருந்தது. அது நம் செட்டியார்களின் உண்டியலைப் போலப் பணம் அனுப்பும் தாள். கை மாறிப் புழங்கும் பணம் அல்ல.

ஆளுநர் ஜாங் யோங் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஒழுங்குபடுத்தி, பதினாறு பணக்கார வீடுகளுக்கு மட்டும் சீட்டு எழுத அனுமதி கொடுத்தார். அவர்கள் ஒரே மாதிரித் தாளில் மரம், வீடு, மனிதர் உருவங்களை அச்சடித்து, கறுப்பும் சிவப்பும் கலந்து ரகசியக் குறிகள் வைத்தார்கள். தொகையைக் கையால் எழுதினார்கள். சீட்டை மாற்ற வருகிறவரிடம் ஒரு கோவைக் காசுக்கு, அதாவது ஆயிரம் காசுக்கு, முப்பது காசு பிடித்துக்கொண்டார்கள். நூற்றுக்கு மூன்று.

பிறகு நடந்ததை அந்தக் காலத்து ஆவணங்கள் விரிவாகச் சொல்கின்றன. மக்கள் கட்டிய காசை வைத்து அந்த வீட்டார் கிடங்கும் கடையும் தோட்டமும் வாங்கினார்கள். கள்ளச் சீட்டு கிளம்பியது, வழக்குகள் பெருகின. பணம் கேட்டுக் கூட்டம் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்து தடுத்து, சமரசம் செய்து, கடைசியில் ஆயிரம் காசுச் சீட்டுக்கு எழுநூறு எண்ணூறு காசுதான் கைக்கு வந்தது. ஏழைகளை இப்படி வஞ்சித்தார்கள் என்று அந்த ஆவணமே எழுதுகிறது. நான் நீதிபதியிடம் சொன்னேன்: "அய்யா, செங்டு என்ற இடத்தில் தேவிகாபுரம் என்று போட்டுப் படிக்கலாம். காசுத் தட்டுப்பாடு, நம்பிக்கையான பேர், முதலில் ஒழுங்கு, பிறகு அளவு மீறல், பிறகு கழிவு, பிறகு சாத்திய கதவு. வரிசைகூட மாறவில்லை."

செங்டுவில் அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் 31ஆவது பிரிவின் நோக்கத்தை விளக்குகிறது. கோ ஜியான் என்ற ஆளுநர் தனியார் சீட்டை அடியோடு ஒழித்தார். அடுத்து வந்த சூவே தியான், சீட்டே இல்லையென்றால் வியாபாரம் நின்றுவிடும், அரசே எழுதட்டும், தனியாருக்குத் தடை போடட்டும் என்றார். 1023இல் அரசுச் சீட்டு அலுவலகம் வந்தது. 1024இல் முதல் வெளியீடு. ஒரு தவணைக்கு 12,56,340 கோவைக்கு மேல் எழுதக்கூடாது. அதற்கு ஈடாக 3,60,000 கோவை இரும்புக்காசு இருப்பில் இருக்கவேண்டும். 28 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு சீட்டின் எண்ணும் பதிவேட்டில் ஏறும். திரும்பி வரும்போது பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து எண்ணை அடித்துவிடுவார்கள். தவணை முடிந்தால் பழைய சீட்டைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளவேண்டும்.

ஆகவே, தனியார் சீட்டுக்குத் தடை பிறந்த இடத்திலேயே அதன் காரணமும் பதிவாகியிருக்கிறது. தடை எழுதுகிறவனுக்கு. பாதுகாப்பு, வாங்கி ஏமாறுகிறவனுக்கு. நம் சட்டத்தின் வார்த்தைகளும் அப்படியே இருக்கின்றன: எழுதக்கூடாது, பணம் தருவதாக ஏற்கக்கூடாது, வெளியிடக்கூடாது. மீறினால் அபராதம் சீட்டின் தொகை வரைக்கும் போகலாம்; அது வெளியிட்டவருக்குத்தான். கூலிக்குப் பதிலாக வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்ட நெசவாளிக்கு அந்தப் பிரிவில் தண்டனை கிடையாது. தானே மீறிய தடையைக் காட்டித் தான் வாங்கிய புடவைக்குக் கூலி தராமல் தப்பிக்க வெளியிட்டவரை அனுமதித்தால், 31ஆவது பிரிவு ஏழையை வஞ்சிக்கும் கருவி ஆகிவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவையும் காட்டினேன்: செல்லாததென்று தெரியவரும் ஒப்பந்தத்தால் ஒருவர் நன்மை பெற்றிருந்தால் அதைத் திருப்பித் தரவேண்டும் அல்லது ஈடுசெய்யவேண்டும். புடவைகள் முதலாளியிடம் போயின, விற்கப்பட்டன. நன்மை யாரிடம் என்பதில் சந்தேகம் இல்லை. குற்ற வழக்கென்றால் ரிசர்வ் வங்கி அதிகாரியின் எழுத்துப் புகார் வேண்டும். அந்தப் பாதையில் நாங்கள் போகவில்லை. எங்களுக்கு அவர் சிறுமைப்படுவது தேவையில்லை, கூலி தேவை.

இன்னொன்றும் சொன்னேன். 2016இல் அரசு தன் நோட்டையே செல்லாதென்றது. ஆனால் டிசம்பர் 30 வரை வங்கியில் கட்டத் தவணை இருந்தது. செல்லாததாக்கிய நோட்டில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே பிறகு சொன்னது. முதலாளியின் சீட்டுக்குத் தவணையும் இல்லை, போய்க் கட்டும் இடமும் இல்லை.

மளிகைக்காரரின் நிலைதான் எல்லாவற்றிலும் சிக்கலாக இருந்தது. நெசவாளர்கள் அரிசி பருப்புக்குக் கொடுத்த சீட்டுகள் அவரிடம் குவிந்துகிடந்தன. பால்காரரும் மருந்துக் கடைக்காரரும் கொண்டுவந்த சீட்டுகளையும் அவரே வாங்கிக்கொண்டு சாமான் கொடுத்திருக்கிறார். முதலாளியோடு அவருக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. மூலக்கடன் இல்லாதவர் சீட்டின் பேரில் மட்டும்தான் கேட்கமுடியும். சீட்டோ கோர்ட்டில் ஏறாது. நெசவாளர்கள் மேல் வழக்குப் போட்டால் கிடைக்கலாம், ஆனால் "அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன் சார்" என்றார்.

வழி சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 130ஆவது பிரிவில் இருந்தது. வரவேண்டிய கடனை எழுத்து மூலம் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நெசவாளர்கள் அவரவர் கூலிக் கடனில், கடையில் கொடுத்த சீட்டின் அளவுக்கு உள்ள பகுதியை மளிகைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் அவர்களுடைய கடை பாக்கியைத் தீர்ந்ததாக எழுதிக் கொடுத்தார். எந்தச் சீட்டு யாருடைய கூலிக்காகப் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூலி நோட்டில் எண் இருந்தது. மளிகைக்காரரின் பற்று வரவு நோட்டிலும் எண் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒத்துப்பார்த்தோம். செங்டு அலுவலகம் பதிவேட்டை வைத்துச் செய்த அதே வேலையை இங்கே இரண்டு நோட்டுகள் செய்தன. சீட்டைக் குறியிடாமலே கணக்கு நிரூபணமானது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கூலி நோட்டு வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் முழுக் கூலியும், வழக்குப் போட்ட நாளிலிருந்து வட்டியும், செலவுத் தொகையும் கொடுக்க டிக்ரி ஆனது. கழித்துக்கொண்டு கொடுத்த நூற்றுக்குப் பத்தும் இருபதும்கூடப் பாக்கி என்று நீதிபதி சேர்த்தார். மளிகைக்காரருக்கு எழுதிக் கொடுத்த அளவு அவருக்குப் போனது. மேல்முறையீடு நடந்தபோது மக்கள் நீதிமன்றத்தில் பேசி, வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தவணையில் கட்டுவதாக முடிந்தது. கட்டினார்கள்.

எல்லாரும் ஜெயித்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். கூலி நோட்டைத் தொலைத்தவர்களுக்குச் சாட்சியம் போதாமல் பாதிகூட வரவில்லை. ஒரு பெரியவர் தன் ஆட்டை விற்றுச் சீட்டாக வாங்கியிருந்தார். விற்றது வெளியூர்க்காரருக்கு, யாரென்று அடையாளம் சொல்ல முடியவில்லை. அவரிடம் இருந்தது சீட்டு மட்டும். சட்டத்தில் அவருக்கு நான் ஒரு வழியும் காட்டமுடியவில்லை. காகிதப் பணம் கெட்டுப்போகும்போது நஷ்டம் கடைசியாகக் கையில் வைத்திருப்பவர் தலையில்தான் விழும் என்பதை அவர் வழியாகத்தான் நேரில் பார்த்தேன்.

அரசு எழுதினால் மட்டும் காகிதம் பொன்னாகிவிடாது என்பதும் அந்தச் சீன வரலாற்றிலேயே இருக்கிறது. சோங் அரசு போர்ச் செலவுக்காக வரம்பை மீறியது. 1100ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியீடு முதல் தவணையைப்போல இருபது மடங்குக்கு மேல் போய், ஒரு புதுச் சீட்டுக்கு நான்கு பழைய சீட்டு கொடுக்கவேண்டி வந்தது. மங்கோலியரான குப்ளாய் கான் 1260இல் வெளியிட்ட நோட்டு முதலில் வெள்ளி இருப்போடு நன்றாக ஓடியது. பின்னால் இருப்பைத் தின்றுவிட்டு அச்சடித்தார்கள். மார்கோ போலோ வியந்து எழுதிய அந்த நோட்டு முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதம். பட்டுப்புழு இலையைத் தின்னும் அதே மரவகை. மிங் அரசர் 1375இல் வெளியிட்ட நோட்டில், கள்ளநோட்டு அடித்தால் தலை போகும், காட்டிக்கொடுத்தால் 250 லியாங் எடை வெள்ளி என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த நோட்டுக்கு வெள்ளி இருப்பு இல்லை. நூறு வருடத்துக்குள் அது சந்தையில் மதிப்பிழந்தது. 1294இல் பாரசீகத்தின் தப்ரீஸ் நகரில் சீன முறையில் நோட்டு வெளியிட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் கடையைச் சாத்தியதால் திரும்பப் பெற்றார்கள்.

சோழர்களுக்கும் இந்தச் சீனத்தோடு நேரடித் தொடர்பு இருந்தது. 1077இல், குலோத்துங்கன் காலத்தில், சோங் அரசவைக்குப் போன சோழத் தூதுக்குழுவுக்குப் பதில் பரிசாக 81,800 கோவைச் செப்புக்காசு கிடைத்தது என்று சீனக் குறிப்பு உண்டு. பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கங்களில் சீனச் செப்புக்காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தூது போன காலத்தில் சிச்சுவானில் சீட்டு ஐம்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கடல் தாண்டி வந்தது உலோகம். எழுதிக் கொடுத்தவரைப் போய்ப் பிடித்துக் கேட்கமுடிகிற தூரம் வரைதான் சீட்டுக்கு உயிர்.

நம் நாட்டில் 1861ஆம் ஆண்டுக் காகித நாணயச் சட்டம் வரும்வரை சென்னை வங்கி போன்ற மாகாண வங்கிகளும் நோட்டு வெளியிட்டன. அந்தச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கே ஆக்கியது. 1935இல் ரிசர்வ் வங்கி அதை ஏற்றுக்கொண்டது. இன்று நம் பையில் இருக்கும் நோட்டிலும் கொண்டு வருபவருக்குத் தருவதாக ஆளுநர் கையெழுத்திட்ட வாக்குறுதி இருக்கிறது. அதற்குப் பின்னால் பொன்னும் வெளிநாட்டுப் பத்திரங்களும் இருப்பில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1957 திருத்தத்தின்படி குறைந்தது 200 கோடி. அதில் பொன் மட்டும் 115 கோடி. இன்றைய புழக்கத்துக்கு அது சிறு தொகைதான். ஆனால் கணக்கு உண்டு, தணிக்கை உண்டு, கேள்வி கேட்க நாடாளுமன்றம் உண்டு. முதலாளியின் பெட்டியை யார் தணிக்கை செய்வது?

நெசவாளர்களுக்கும் கூலிக்கு உழைக்கும் எல்லாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். பணமாக இல்லாத எதைக் கூலியாகக் கொடுத்தாலும், அது சீட்டாக இருந்தாலும் டோக்கனாக இருந்தாலும், கூலி நோட்டில் தேதியும் எண்ணும் தொகையும் போட்டு, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நோட்டு தீர்ந்தால் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடமாவது பெட்டியில் வையுங்கள். முடிந்தவர்கள் கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பெயர் எழுதாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கூலி பாக்கி நின்றால் வேலை முடிந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குக் கோர்ட் தீர்ப்பில் பதில் கொடுத்தது: சீட்டு செல்லாது, நெய்து கொடுத்த புடவைக்குக் கூலி செல்லும்.